நல்லதுக்கும் கெட்டதுக்கும் நாலு பேர்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வந்த ஐந்தாவது மாதம், இரண்டு வாரமாகத் தூக்கமில்லாமல் நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்ததால், வீட்டருகே இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு இரண்டு பெயர்கள் கேட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் கணவர் பெயரை எழுதினேன். இரண்டாவது கட்டத்தில் எழுத இந்தத் தீவில் எனக்கு ஒருவரையும் தெரியாது. கும்பகோணத்தில் என்றால், அந்தக் கட்டத்தில் யாரை எழுதாமல் விடுவது, விட்டால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்பதுதான் சிக்கலாக இருந்திருக்கும். இதயத் துடிப்பு வரைபடம் சரியாக இருந்தது. வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு, தட்டக் கூடாத கதவுகளைத் தட்டியும், காப்பீட்டில் திரும்பக் கிடைக்காத கட்டணங்களைக் கட்டியும் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்லள். கணவரின் வேலைக்காக உடன் வந்த முன்னாள் பள்ளி ஆசிரியை. கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டுவதற்கு முன் மனிதவள அமைச்சு, சுகாதார அமைச்சு ஆகியவற்றின் இணையத்தளங்களில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே: மருந்துகளும் தாள்களும்

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கடுமையான வலி மாத்திரை ஆகியவற்றில் எதையேனும் நீங்களோ உடன் வருபவரோ சாப்பிட்டுவந்தால், அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அப்படியே விமானம் ஏறிவிடாதீர்கள். ஊரில் மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை இங்கே கட்டுப்பாட்டுக்குள் வருபவை. அவற்றைச் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரவும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்னனுமதி வேண்டும். மருத்துவரின் கையொப்பத்தோடு நோயாளியின் பெயர், மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு என்ற விவரங்கள் அடங்கிய ஆங்கிலக் கடிதத்தை வாங்கி, பயணத்துக்கு இரண்டு வாரத்துக்கும் முன்பாகவே விண்ணப்பித்துவிடுங்கள். குருமாவுக்கு ஆகுமே என்று அம்மா கட்டிக்கொடுக்கும் கசகசாவையும் எடுத்துவைத்துவிடுங்கள். அதுவும் இங்கே தடைசெய்யப்பட்ட பொருள்தான்.

பழைய மருத்துவக் குறிப்புகளின் சுருக்கம், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஊரிலேயே முடித்துவிட்டால் செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு.

2. உங்கள் அனுமதி அட்டைக்கு எந்தக் கதவு திறக்கும்

இங்கே எந்த உதவியும் "நீங்கள் யார்" என்று கேட்பதற்கு முன் "உங்கள் பாஸ் எது" என்றுதான் கேட்கும். இது புரியாமல் நான் இழந்த நாட்கள் அதிகம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்குள்ள தமிழ் அறிவிப்புகளில் "பலதுறை மருந்தகம்" என்று வருவது மருந்துக் கடையைக் குறிப்பதன்று. அது மருத்துவர், ஆய்வகம், மருந்து வழங்கும் இடம் எல்லாம் சேர்ந்த அரசாங்க மருத்துவ நிலையம். நான் அந்தப் பலகையைத் தாண்டியே பல மாதம் நடந்திருக்கிறேன். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கே சலுகைக் கட்டணம் உண்டு. நம்மைப் போன்ற அனுமதி அட்டைக்காரர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

வொர்க் பெர்மிட் (பெரும்பாலும் உடலுழைப்பு வேலைக்கானது), எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கானது) வைத்திருப்பவர்களுக்கு நிறுவனமே மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது சட்டம். 2023 ஜூலை முதல் அதன் ஆண்டு வரம்பு குறைந்தது 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அந்தச் செலவைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஆனால் இந்தக் கட்டாயம் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவை சிகிச்சைக்கும்தான். தங்குவிடுதியில் வசிப்பவர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலைத் துறை ஆகியவற்றில் வேலை செய்யும் வொர்க் பெர்மிட்காரர்களுக்கும் 2022 ஏப்ரல் முதல் ஓர் அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் இருக்கிறது. அதில் மருத்துவ நிலையத்துக்கு நேரில் போனால் 5 வெள்ளியும், காணொளி வழி மருத்துவரைப் பார்த்தால் 2 வெள்ளியும் கட்டினால் போதும். தூக்கமின்மையையும் படபடப்பையும் அந்த மருத்துவரிடமே சொல்லலாம் என்பது பல தம்பிமார்களுக்குத் தெரிவதில்லை. காய்ச்சலுக்கும் கைகால் காயத்துக்கும் மட்டும்தான் அது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் (உயர்நிலை, நிபுணத்துவ வேலைக்கானது) வைத்திருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட கட்டாயக் காப்பீடு கிடையாது. நிறுவனம் எதைத் தருகிறதோ அதுதான். சேர்ந்த முதல் வாரத்திலேயே மனிதவளப் பிரிவிடம் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: குடும்பத்தாருக்கும் காப்பீடு உண்டா, மனநலச் சிகிச்சை அடங்குமா, எந்தெந்தக் கிளினிக்குகள் பட்டியலில் உள்ளன, சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமா. இந்த நான்காவது கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. நேராகச் சிறப்பு மருத்துவரிடம் போய்ப் பார்த்துவிட்டு ரசீதை அனுப்பினேன். பொது மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் முன்தேதியில் இல்லை என்று கோரிக்கையைத் திருப்பிவிட்டார்கள். பிறகு போய்க் கடிதம் வாங்கினாலும் தேதி பிந்தியதாகிவிடும், செல்லாது.

டிபெண்டென்ட் பாஸில் வரும் கணவன் அல்லது மனைவி, 2021 மே முதல், வேலை செய்ய வேண்டுமானால் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். சொந்தத் தொழில் நடத்துபவர்களுக்கு மட்டும் சில விலக்குகள் உண்டு. "போனதும் ஏதாவது ஒரு வேலை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஊரில் சொல்லி அனுப்புவார்கள். அந்த நினைப்போடு வந்து, பகல் முழுவதும் பதினோராம் மாடியில் தனியாக உட்கார்ந்திருக்க நேர்வது எவ்வளவு பெரிய அழுத்தம் என்பதை வந்து பார்த்தவர்களே அறிவார்கள். முதல் ஆறு மாதம் சம்பளம் வராது என்று வைத்துக்கொண்டே குடும்பக் கணக்கைப் போடுங்கள்.

அம்மாவை அழைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்க, பாஸ் வைத்திருப்பவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி இருக்க வேண்டும். மனைவி, பிள்ளைகளுக்கான டிபெண்டென்ட் பாஸுக்கு அது 6,000 வெள்ளி. அந்த வரம்பு எட்டாதவர்களின் பெற்றோர் குறுகிய கால வருகையாகத்தான் வர முடியும். விசாவில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதி வேறு, நாட்டுக்குள் தங்க அனுமதித்த நாட்கள் வேறு. இரண்டாவது, தரையிறங்கிய பின் மின்னஞ்சலில் வரும் வருகை அனுமதியில்தான் இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் விசாவை மட்டும் நம்பித் தங்கிவிட்டால் அபராதத்துக்கும் அதைவிடப் பெரிய தொல்லைக்கும் ஆளாக நேரும்.

3. கேளாமல் கிடைத்த துணையைக் கணக்கெடுங்கள்

இந்தப் படிக்குக் காசும் வேண்டாம், ஆவணமும் வேண்டாம். ஒரு மாலை போதும். ஆனால் இதைத் தவிர்த்தால் மற்றவை எதுவும் பிடிபடாது.

நம் ஊரில் கஷ்டத்தைச் சொல்லி உதவி கேட்கும் பழக்கம் பெரும்பாலோருக்கு இல்லை. முகம் வாடியிருந்தால் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணம் ரசத்தோடு வந்து நிற்பார். என்னவென்று கேட்கவும் மாட்டார். அத்தை வந்து திண்ணையில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய கல்யாணக் கதையைச் சொல்லிவிட்டுப் போவார். அவர் எழுந்து போகும்போது நம் பாரம் பாதி இறங்கியிருக்கும். 2007ஆம் ஆண்டில் ஷெல்லி டெய்லர், ஹீஜங் கிம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. பதற்றம் தரும் ஒரு வேலையைச் செய்யப் போகிறவர்களில் ஒரு சாராரை, தமக்கு நெருக்கமான கூட்டத்தை நினைத்து அது தமக்கு எவ்வளவு முக்கியம் என்று எழுதச் சொன்னார்கள். இன்னொரு சாராரை, நெருக்கமானவரிடம் ஆலோசனையும் ஆறுதலும் கேட்டு எழுதச் சொன்னார்கள். ஆசியப் பின்னணி கொண்டவர்களுக்கு முதல் வகையில், அதாவது வாய்விட்டுக் கேட்காத வகையில், கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் எழுச்சி குறைவாக இருந்தது. ஐரோப்பியப் பின்னணி கொண்ட அமெரிக்கர்களுக்கு இது நேர்மாறாக இருந்தது. அந்த ஆய்வில் தமிழர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டு அதை ஒதுக்கிவிடலாம்தான். எனக்கோ அத்தையின் திண்ணைப் பேச்சுக்கு ஓர் ஆய்வகம் சான்று கொடுத்ததுபோல் இருந்தது.

ஆகவே ஒரு தாளை எடுத்து, ஊரில் சொல்லாமலே உங்களுக்கு நடந்துகொண்டிருந்த உதவிகளை எழுதுங்கள். பிள்ளையை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டவர், காய்ச்சலென்றால் கஞ்சி கொண்டுவந்தவர், கோயிலுக்குப் போகும்போது கூட நடந்தவர், கோபத்தைக் கொட்ட இடம் கொடுத்தவர், சும்மா பக்கத்தில் இருந்தவர் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். என் பட்டியலில் பதினொரு பேர் வந்தார்கள். அந்தப் பதினொரு பேர் வேலையையும் இங்கே என் கணவர் ஒருவரிடமே நான் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பாவம், அலுவலகத்திலிருந்து வருவதே இரவு எட்டரை மணிக்கு.

4. ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே நேரம்

இங்கே பழக்கம் பிடிக்க ஒரே வழி, ஒரு பொது இடத்துக்கு வாரம் தவறாமல் ஒரே நேரத்தில் போவது. இன்று ஒரு கோயில், அடுத்த வாரம் ஒரு சந்தை, அதற்கடுத்த வாரம் ஒரு கொண்டாட்டம் என்று சுற்றினால் ஊரைப் பார்க்கலாம். மனிதர்களைப் பிடிக்க முடியாது. மூன்று மாதம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டாம் மாதம் தலையசைப்பார்கள். மூன்றாம் மாதம் நீங்கள் வராத வாரத்தைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கு நடந்த வரிசை இது. கூச்சமில்லாதவர்களுக்கு இன்னும் சீக்கிரம் நடக்கலாம்.

எங்கே போவது என்பது உங்கள் மனத்தைப் பொறுத்தது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்ப் பூசை நடக்கிறது. வழிபட்டுவிட்டு வந்துவிட்டால் நட்பு வராது. காய்கறி நறுக்க, தண்ணீர் கொடுக்க, செருப்பு அடுக்க என்று ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோயில் வரை பக்தர்கள் நடந்து வரும்போது தொண்டூழியர்களுக்கு எப்போதும் தேவை இருக்கும். ஒரே வாளியில் கரண்டி போட்டவர்கள் எளிதில் மறப்பதில்லை.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு நூலகம். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்துக்குள் சென்று உட்கார்ந்து வாசிக்கக் கட்டணம் இல்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வெளிநாட்டவர் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். ஒவ்வோர் ஏப்ரலிலும் நடக்கும் தமிழ்மொழி விழாவின் பல நிகழ்ச்சிகள் இலவசம். அந்த ஒரு மாதத்தில் அறிமுகமாகும் முகங்களை ஆண்டு முழுவதும் பின்தொடரலாம். குடியிருக்கும் பேட்டையின் சமூக மன்றத்திலும் விசாரியுங்கள். பல மன்றங்களில் இந்தியர் நற்பணிச் செயற்குழு இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விழா ஏற்பாடு செய்பவர்கள் அவர்கள்தான்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. நம் ஊர்க்காரர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, சந்தித்த இரண்டாம் வாரமே சீட்டில் சேரச் சொல்பவர்களையும், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று பொருள்களை விற்கச் சொல்பவர்களையும், கடன் கேட்பவர்களையும் தள்ளி வையுங்கள். தனிமையில் இருப்பவர் மறுக்க மாட்டார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத்து வீட்டில் சீனக் குடும்பமோ மலாய்க் குடும்பமோ இருந்தால் அவர்களை விட்டுவிடாதீர்கள். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தால் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வரும். கடைசியில் என் படிவத்தின் இரண்டாவது கட்டத்தில் இடம்பிடித்தவர் எதிர்வீட்டு மலாய்ப் பாட்டி. நாங்கள் இருவரும் சேர்ந்து பேசிய மொத்த ஆங்கிலம் ஒரு பக்கத்துக்கு மேல் தேறாது.

5. வீடு பார்க்கும்போதே அடுப்பைப் பாருங்கள்

அறை வாடகை விளம்பரங்களில் "சமையல் கூடாது" என்றோ "லேசான சமையல் மட்டும்" என்றோ இருக்கும். நானூறு வெள்ளி மிச்சமாகிறது என்று அப்படி ஒரு அறையைப் பிடித்துவிட்டு, தாளிக்கும் வாசனை பரவிவிடுமோ என்று பயந்து பயந்து வாழ்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஒருவரையும் சாப்பிட அழைக்க முடியாத வீட்டில் நட்பு வளராது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எச்டிபி) வீட்டை அல்லது அறையைக் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு எடுக்க முடியும் என்பதால், சமையல், விருந்தினர், துணி துவைக்கும் நேரம் மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

6. ஊரோடு பேசும் நேரம்

சிங்கப்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னே செல்கிறது. அவர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு அழைத்தால் உங்களுக்கு நள்ளிரவு. தினமும் அப்படிப் பேசிப் பேசியே என் தூக்கத்தில் பாதி போனது. எங்கள் வீட்டில் ஞாயிறு காலையும் புதன் மாலையும் என்று முடிவு செய்தோம்; அம்மாவுக்கு முதல் மாதம் வருத்தம், பிறகு பழகிவிட்டார்.

"சிங்கப்பூரில் இருக்கிறாய், உனக்கென்ன குறை" என்பதைப் பலமுறை கேட்பீர்கள். எல்லாரிடமும் விளக்க வேண்டாம். உடன்பிறந்தவரோ சித்தியோ யாராவது ஒருவரைத் தேர்ந்து, அவரிடம் மட்டும் வாடகை எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு, உடம்பு எப்படி இருக்கிறது என்று உள்ளபடி சொல்லுங்கள். பணம் அனுப்பும் பேச்சு வரும்போது அந்த ஒருவர் உங்களுக்காகப் பேசுவார்.

7. மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

மன அழுத்தம் நம்மவர்களுக்குத் தலைபாரமாக, நெஞ்சடைப்பாக, வயிற்று எரிச்சலாகத்தான் வெளிப்படுகிறது. அதை மட்டும் சொன்னால் அதற்கு மட்டும்தான் மருந்து கிடைக்கும். ஆறு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை இரவு தூக்கமில்லை, பசி எப்படி, வீட்டில் அல்லது வேலையில் என்ன மாறியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். "என் உடம்புக்கு என்ன" என்று கேட்பதோடு, "இது மன அழுத்தத்தால் இருக்குமா" என்றும் நீங்களே கேட்டுவிடுங்கள். அம்மா சொன்னபடி திருஷ்டி சுற்றிப்போடுவதாலும் தவறில்லை, சுற்றிப்போட்டுவிட்டுப் போங்கள்.

செலவு என்று பார்த்தால், எனக்குப் பொது மருத்துவருக்கும் மருந்துக்கும் ஒரு தடவைக்கு ஐம்பது வெள்ளிக்கு மேல் ஆனது. தனியார் மனநல ஆலோசகர்களிடம் நான் விசாரித்தவரை ஒரு மணி நேரத்துக்கு நூறு வெள்ளிக்குக் குறைவாக எவரும் சொல்லவில்லை. இருநூறுக்கு மேலும் சொன்னார்கள். சலுகைக் கட்டணத்தில் ஆலோசனை தரும் தொண்டு அமைப்புகளும் உண்டு, ஆனால் காத்திருக்க வேண்டும். குடும்ப சேவை நிலையங்களையும் சிண்டாவையும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நாடுவதற்கு முன், உங்கள் பாஸுக்கு அந்தச் சேவை உண்டா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருக்கும் இந்தியர்களின் சம்பளத்திலும் சிண்டா நிதி பிடிக்கப்படுகிறது. அதனாலேயே எல்லாத் திட்டமும் நமக்கும் உண்டு என்று நான் நினைத்துக்கொண்டேன். பல திட்டங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. முன்பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நேரில் போய்க் கேட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அழுகையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே பேசுவது பெரிய வேலை.

வேலை செய்பவர்கள் விடுப்பு விதியை அறிந்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆன பின்னரே சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு தொடங்கும். ஆறு மாதத்தில் அது ஆண்டுக்கு 14 நாளாகவும், மருத்துவமனை விடுப்பையும் சேர்த்து 60 நாளாகவும் ஆகும். நோய் விடுப்பில் இருப்பதை 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் வராமல் இருந்ததாகக் கணக்காகிவிடும். எனவே எம்சியை (மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழை) படமெடுத்து உடனே அனுப்பிவிடுங்கள். வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநோய் உண்டா என்று கேட்பது முறையன்று என்பது 2020 முதல் இங்குள்ள வேலை நியமன வழிகாட்டுதல்.

8. நள்ளிரவுக்கான எண்கள்

இவற்றை இன்றே கைப்பேசியில் சேமியுங்கள். தேவைப்படும் இரவில் தேடும் தெம்பு இருக்காது. தேசிய மனநல உதவி எண் 1771. மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. புவாங்கோக்கில் உள்ள அதன் அவசரப் பிரிவு நாள் முழுவதும் திறந்திருக்கும். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767. வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்சர்வ் 3129 5000, வெளிநாட்டு ஊழியர் நிலையம் 6536 2692. இவை அனைத்தும் 24 மணி நேரமும் இயங்குபவை. உயிருக்கு ஆபத்து என்றால் 995. அழைத்ததும் முதல் வாக்கியமாகத் தமிழில் பேச முடியுமா என்று கேளுங்கள்.

உயிரை விட முயன்றவரை இங்கே போலீஸ் வழக்குப் போட்டுவிடும், பாஸ் போய்விடும் என்று பயந்து தங்குவிடுதியில் விஷயத்தை மூடி மறைத்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் சிங்கப்பூரில் குற்றமன்று. கூட இருப்பவர் அப்படிப் பேசினால், அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மேலே உள்ள எண்களில் ஒன்றை நீங்களே அழையுங்கள். அவர் அழைப்பார் என்று காத்திருக்க வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் வாய்விட்டு உதவி கேட்க மாட்டார்கள்.